மாப்பிள்ளைக் கயிறு

அத்தியாயம் 14

அஞ்சுகம் வாயைத் திறக்காமல் ஒரு கல்யாண வேலையைப் பார்க்கிறாள் என்றால் கருக்களாச்சேரியில் யாரும் நம்பமாட்டார்கள். மீன் ஏலத்தில் அவள் குரல் கேட்டாலே டவுன் வியாபாரிகள் ஐஸ் பெட்டியை இரண்டடி பின்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். பந்தல்காரர், சமையல்காரர், மைக்செட்காரர் என்று ஒருவரையும் சும்மா விடுகிற ஆள் இல்லை. அப்பேர்ப்பட்டவள் எட்டு நாளாகக் கேட்டதற்கு மட்டும் ‘ஆமா’, ‘இல்ல’ என்று பதில் சொல்லிக்கொண்டு நடமாடினாள்.

“புள்ளைக்கு நாளைக்குக் கல்யாணம், கண்ணு பட்டுருக்கும்” என்று தெருப் பெண்கள் மிளகாய் சுற்றிப் போட்டார்கள்.

கண்ணாவது, மண்ணாவது! காரணம் அவள் இடுப்புச் சுருக்குப்பையில் இருந்தது. நான்காக மடித்த ஒரு டாக்டர் கடிதம். ஓர் அட்டை மாத்திரை.

போன புதன்கிழமை நடந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். மறந்திருந்தால் இதோ இரண்டு வார்த்தை. போட்டிலிருந்து இன்ஜினைக் கழற்றித் தோளில் தூக்கி வந்த சிவபாலன், பாதி வழியில் மணலில் உட்கார்ந்துவிட்டான். இருபத்தெட்டு வயசுப் பிள்ளைக்கு முகமெல்லாம் வேர்வை, இடது தாடையில் வலி. “வாய்வும்மா, சரியாயிடும்” என்றவனை இழுத்துக்கொண்டு காரைக்காலுக்கு ஓடினாள் அஞ்சுகம். அங்கே ஒரு இருதய டாக்டரம்மா.

அந்த டாக்டரம்மா முதலில் பார்த்தது நெஞ்சை அல்ல, காலை. குதிகாலுக்கு மேலே, பின்பக்க நரம்பில் புளியங்கொட்டை அளவுக்குத் தடித்திருந்த கட்டியை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். அப்புறம் கை முட்டிகளைத் தடவினார். அங்கேயும் சின்னச் சின்னதாக இருந்தன.

“இது எத்தனை வருஷமா இருக்கு?”

“அது கயிறு காய்ப்பு டாக்டர்” என்றாள் அஞ்சுகம், கொஞ்சம் பெருமையாகவே. “வல இழுத்து இழுத்து வர்றது. எங்க வூட்டு ஆம்பளைங்க எல்லாத்துக்கும் இருக்கும். இவன் அப்பாவுக்கு, சித்தப்பாவுக்கு, தாத்தாவுக்கு.”

“அவங்களையெல்லாம் ஒருநாள் கூட்டிட்டு வர முடியுமா?”

அஞ்சுகம் பதில் சொல்ல வாயெடுத்தாள். மாமனார் போனது நாற்பத்தொரு வயசில். கொழுந்தன் முப்பத்தாறில். அவள் புருஷன் சிங்காரவேலு, கரைவலை இழுத்துக்கொண்டிருக்கும்போதே கயிற்றின் மேல் கவிழ்ந்தபோது முப்பத்தொன்பது. கடல்காற்று, கள்ளு, கெட்ட நேரம் என்று ஊர் ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் சொல்லியிருந்தது. மூன்றையும் ஒரே வரிசையில் வைத்து அன்றுவரை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

ரத்தத்தில் கொலஸ்ட்ரால் நானூற்றுப் பத்து என்று வந்தது. இருநூறுக்குள் இருக்கவேண்டியது. தின்ற மீனாலும் எண்ணெயாலும் வந்ததல்ல, பிறக்கும்போதே அப்பன் கொடுத்தது என்றார் டாக்டரம்மா. கல்லீரல் ரத்தத்திலிருந்து எடுத்துக் கழிக்கவேண்டிய கொழுப்பை எடுக்காமலே விட்டுவிடுகிறது. அது இருதயத்து ரத்தக்குழாய்களில் படிகிறது. மிஞ்சியது நரம்பில் கட்டியாகத் தங்குகிறது. காய்ப்பு இல்லை அம்மா, கொழுப்பு என்றார். ஓடுகிற டிரெட்மில் பட்டையில் சிவபாலனை நடக்கவிட்டு மூன்றாவது நிமிஷமே நிறுத்தச் சொன்னார். பாண்டிச்சேரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார், அடுத்த வியாழக்கிழமை ஆஞ்சியோ எடுக்க. அதுவரை இன்ஜின் தூக்கக்கூடாது, கயிறு தொடக்கூடாது.

“கல்யாணம் ஆயிடுச்சா தம்பி?”

“அதே வியாழக்கிழமைதான் டாக்டர்.”

“பொண்ணு சொந்தமா?”

அஞ்சுகம் வாயைத் திறப்பதற்குள் சிவபாலன் முந்திக்கொண்டான். “அசல் டாக்டர், சொந்தம் இல்ல.”

“நல்லதாப்போச்சு. சொந்தமா இருந்தா அந்தப் பொண்ணுக்கும் ரத்தம் பார்த்துட்டுத்தான் மேற்கொண்டு பேசணும். ரெண்டு பேர்கிட்டயும் இது இருந்து, ரெண்டும் சேர்ந்து குழந்தைக்கு வந்துட்டா, பத்து வயசுலயே நெஞ்சுவலி வரும்.”

மினிபஸ்ஸில் திரும்பும்போது அவன் அம்மாவின் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டான். தாலி ஏறட்டும், மறுவாரம் பாண்டிக்குப் போகலாம். அதற்குள் யாரிடமாவது சொன்னால் கல்யாணமும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம், கடலோடு போய்விடுவேன். பெற்றவளால் வேறென்ன செய்ய முடியும்? தலையை ஆட்டிவிட்டாள்.

இதுதான் எட்டு நாள் மௌனத்தின் கதை. இன்றைக்கு அது உடைந்தது.

•

காலையிலேயே வம்பு ஆரம்பித்துவிட்டது. வலைக்கார அம்பலவாணன் பந்தலுக்குள் தலையை நீட்டி, “மாப்ள, நாலு மணிக்கு வல இழுக்கறோம். வயித்த காலியா வச்சிக்கிட்டு வந்துராத” என்று சிரித்துவிட்டுப் போனார்.

அந்த ஊரில் முகூர்த்தத்துக்கு முதல் நாள் மாப்பிள்ளைக் கயிறு. கரைவலையைக் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுப்பார்கள். வலப்பக்கக் கயிற்றில் முதல் ஆள் மாப்பிள்ளை. மீன் சேர்கிற மடி கரையேறும்வரை அவன் கை மாற்றக்கூடாது. விழுகிற மீனெல்லாம் ஊருக்குப் பங்கு. பாதியில் கயிற்றை விட்டவன் குடும்பத்தையும் பாதியில் விடுவான் என்று ஒரு பேச்சு. அதனால் காய்ச்சலோடு வந்து நின்ற மாப்பிள்ளைகூட உண்டு.

அம்பலவாணன் தலை மறைந்ததும் அஞ்சுகம் மகனைச் சமையல் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துப்போனாள்.

“தம்பி, வேணாம்ப்பா. கால் சுளுக்கிக்கிச்சுன்னு சொல்லிடு.”

“சுளுக்குனா எண்ண தடவ நாலு பேரு வருவான். ஏன் எப்படின்னு கேப்பான். போன வாரம் மணல்ல ஒக்காந்தானே, அதானான்னு கேப்பான். சாயங்காலத்துக்குள்ள மாமா காதுக்குப் போயிடும்.”

“போனா போவட்டும்டா!”

“போனா அவங்க பொண்ணு குடுப்பாங்களாம்மா? சாவப்போறவன்னு தெரிஞ்சே குடுப்பாங்களா?”

அவள் அவன் வாயைப் பொத்தினாள். அவன் அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டான்.

“ஒரு மணி நேரம்மா. முப்பது பேரு இழுக்கறான். நான் சும்மா புடிச்சிக்கிட்டு நிக்கறேன். பொண்ணு வூட்டுக்குப் போனா ப்ரியாகிட்ட மட்டும் எதையும் காட்டிக்காத. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.”

மாத்திரை அட்டையை அவன் இடுப்பில் செருகப் பார்த்தாள். நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்கிற மாத்திரை அது. வலி வந்தால் உடனே வைக்கச்சொல்லி டாக்டரம்மா இரண்டு தடவை சொல்லியிருந்தார். கைலியில் இருந்து விழுந்து யாராவது பார்த்தால் வம்பு என்று அவன் வாங்க மறுத்துவிட்டான். அட்டை மறுபடி சுருக்குப்பைக்கே வந்தது.

•

ஒன்றரைக்கு ராகுகாலம் முடிந்ததும் நலங்குத் தட்டோடு பெண் வீட்டுக்குக் கிளம்பினாள். மூன்றே தெரு.

பெண் வீடு என்றால் வேறு யார் வீடும் இல்லை, அவள் பிறந்த வீடுதான். அண்ணன் தங்கப்பனுக்குச் சிங்காரவேலுவின் தங்கை குஞ்சம்மாவைக் கட்டி, அதே பந்தலில் சிங்காரவேலுவுக்கு அஞ்சுகத்தைக் கட்டியிருந்தார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம். அஞ்சுகத்துக்கு அண்ணன் பெண்டாட்டி என்பதால் குஞ்சம்மா அண்ணி. குஞ்சம்மாவுக்கும் அண்ணன் பெண்டாட்டி என்பதால் அஞ்சுகம் அண்ணி. ஒருத்தியை ஒருத்தி அண்ணி என்று கூப்பிட்டுக்கொண்டு இருபத்தொன்பது வருஷமாக யார் கை ஓங்கியது என்று சண்டை நடந்துகொண்டிருந்தது. அந்தக் குஞ்சம்மா பெற்றவள்தான் கல்யாணப்பெண் ஜெயப்ரியா. டவுன் காலேஜில் பி.காம். படித்தவள், இருபத்திரண்டு வயசு.

ஜெயப்ரியாவை மணையில் உட்காரவைத்து, கால் இரண்டையும் தாம்பாளத்தில் நீட்டச் சொன்னார்கள். முதல் நலங்கு அத்தைக்காரி. குலவைச் சத்தத்துக்கு நடுவில் அஞ்சுகம் மஞ்சளைக் குழைத்து எடுத்தாள். முட்டியிலிருந்து பாதத்துக்கு, பாதத்திலிருந்து விரலுக்கு. பிறகு காலைத் தூக்கிப் பின்பக்கமாகக் கட்டைவிரலை ஓட்டினாள்.

குதிகாலுக்கு மேலே விரல் இடறியது.

நகர்த்திப் பார்த்தாள். கெட்டியாக, நரம்போடு ஒட்டிக்கொண்டு, புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. பதினான்கு வருஷம் எண்ணெய் தேய்த்துவிட்ட புருஷன் காலில் இருந்த அதே கட்டி. அடுத்த காலையும் தொட்டாள். அதிலும் இருந்தது.

“கூசுது அத்தை” என்று ஜெயப்ரியா சிரித்தாள்.

“இது என்னடி?”

“எது? அதுவா? செருப்பு கடிச்சிக் கடிச்சி அப்படியே நின்னுபோச்சு. வலியெல்லாம் இல்ல.”

அஞ்சுகத்துக்குக் காதில் குலவை கேட்கவில்லை. ‘பொண்ணு சொந்தமா?’ என்று டாக்டரம்மா கேட்டதுதான் திரும்பத் திரும்பக் கேட்டது. சொந்தத்திலும் எப்பேர்ப்பட்ட சொந்தம்! மகனுக்கு எந்த வீட்டு ரத்தமோ, அதே வீட்டு ரத்தம் குஞ்சம்மாவுக்கும். அது ஆம்பளைக்கு மட்டும் வருவது என்று எப்படி நினைத்தோம்? கயிற்றை வைத்துக் கணக்குப் போட்டதால் கயிறு தொடாத பெண்களின் காலை யாருமே பார்க்கவில்லை.

சொன்னால் நாளைக்குக் கல்யாணம் இல்லை. மகன் முகத்தில் விழிக்க முடியாது. சொல்லாவிட்டால் இந்தப் பெண் ஒன்றும் தெரியாமல் நாளைக்கு அவள் வீட்டுக்கு வருவாள். எட்டு நாளாக மகன் ஒருவனுக்காகக் காத்த ரகசியம், இப்போது இந்தப் பெண்ணின் உயிரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது.

அவள் மற்றப் பெண்கள் நலங்கு வைக்கும்வரை சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொருத்தியாக வைத்து, பாடி, கேலி பேசி முடிக்க மூன்றரை ஆகிவிட்டது. அதற்கு மேல் அவளால் பொறுக்க முடியவில்லை.

“எல்லாரும் போயி டிபன் சாப்புடுங்க. மஞ்ச காயட்டும்” என்று அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். குஞ்சம்மா நின்றுகொண்டிருந்தாள். ஜெயப்ரியா மணையிலேயே இருந்தாள்.

“என்ன அண்ணி, சீர்ல ஏதாச்சும் கொறையா?” குஞ்சம்மாவின் குரலில் சண்டைக்கான தயார்நிலை இருந்தது.

“கொற என் பக்கம் அண்ணி” என்று ஆரம்பித்தாள் அஞ்சுகம். மணலில் உட்கார்ந்ததிலிருந்து சத்தியம்வரை ஒன்றுவிடாமல் சொன்னாள். கடிதத்தை எடுத்து ஜெயப்ரியாவின் மடியில் வைத்தாள். அசல் என்று பொய் சொன்னதையும் சொன்னாள். கடைசியாக, “இவ கால்லயும் அது இருக்கு” என்றாள்.

குஞ்சம்மா முதலில் சிரித்தாள். “எங்க வூட்டு காலே அப்படித்தான் இருக்கும்.” அப்புறம் சிரிப்பு நின்றது. “எட்டு நாளா தெரியுமா? எட்டு நாளா தெரிஞ்சி, எம் பொண்ணு கால்ல மஞ்ச பூச வந்தீங்களா?”

“வந்தேன் அண்ணி. எம் புள்ள மாலையும் கழுத்துமா நிக்கறத ஒரு தடவ பாத்துடணும்னு இருந்துச்சி. என் ஆச கண்ண மறைச்சிடுச்சு. என்னைய செருப்பால அடிங்க.”

குஞ்சம்மா அடிக்கவில்லை. கதவுத் தாழ்ப்பாளை இன்னொரு தடவை சரிபார்த்தாள். திரும்பியபோது குரல் தாழ்ந்திருந்தது.

“யாருகிட்டயும் சொல்லாதீங்க. நாளைக்குத் தாலி ஏறட்டும்.”

“அண்ணி!”

“நல்லா கேளுங்க. வெளில தெரிஞ்சா உங்க புள்ளைக்கி வேற பொண்ணு கெடைக்கும், ஆம்பள. இவளுக்கு? கால்ல வியாதின்னு தெரிஞ்சா எவன் வருவான்? இவளாச்சும் நம்ம வூட்டுலயே இருக்கட்டும். புள்ள கிள்ள அப்பறம் பாத்துக்கலாம்.”

இத்தனை வருஷ சம்பந்தத்தில் இருவருக்கும் ஒரே பயம் வந்தது இதுதான் முதல் தடவை. அஞ்சுகத்துக்கு ஒரு கணம், சரி என்று சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அப்படித் தோன்றியதை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

கடிதத்தைப் படித்து முடித்த ஜெயப்ரியா நிமிர்ந்தாள்.

“அத்தை, இதுல பளு தூக்கக்கூடாதுன்னு போட்டுருக்கு.”

“ஆமாம்மா.”

“கயிறு?”

“தொடவே கூடாதுன்னுட்டாங்க.”

“மணி என்ன இப்ப?”

சுவர்க் கடிகாரம் நாலடிக்க ஐந்து நிமிஷம் காட்டியது. அஞ்சுகம் சிவபாலனின் செல்லுக்குப் போட்டாள். பந்தலில் தொங்கிய சட்டைப் பையிலிருந்து அதை எடுத்த யாரோ, “மாப்ள கரைக்குப் போயி அர மணி நேரம் ஆவுது” என்றார்கள்.

ஜெயப்ரியா எழுந்தாள். குஞ்சம்மா பாய்ந்துபோய்க் கதவை மறித்தாள்.

“நலங்கு வச்ச பொண்ணு வாசப்படி தாண்டக்கூடாதுடி! எங்க கெளம்புற?”

“தள்ளும்மா.”

“ஊரு சிரிக்கும்!”

“சிரிக்கட்டும்மா. அவங்க செத்துப்போனா ஊரு ஒப்பாரிக்கும் வரும், பந்திக்கும் வரும். தள்ளு.”

அவள் அம்மாவின் கையைப் பிடித்து விலக்கினாள், தாழ்ப்பாளைத் திறந்தாள். இட்லியும் சட்னியுமாக உட்கார்ந்திருந்த பெண்கள் வாயில் வைத்ததை மென்று விழுங்குவதற்குள் பெண் தெருவில் இறங்கிவிட்டாள். பின்னால் அஞ்சுகம் ஓடினாள்.

•

கரையில் கயிறு ஏற்கெனவே நகர்ந்துகொண்டிருந்தது. இடப்பக்கம் பதினைந்து பேர், வலப்பக்கம் பதினைந்து பேர். அம்பலவாணன் நடுவில் நின்று குரல் கொடுக்க, குதிகாலை மணலில் ஊன்றிப் பின்னால் பின்னால் நகர்ந்தார்கள். வலப்பக்கம், தண்ணீருக்கு மிக அருகில் முதல் ஆளாகச் சிவபாலன். அவனுக்கு அடுத்து மாமனாராகப் போகிற தங்கப்பன்.

சும்மா பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்றவன் சும்மா நிற்கவில்லை. ஊரே பார்க்கும்போது எந்த மாப்பிள்ளைதான் நிற்பான்? முழு உடம்பையும் சாய்த்து இழுத்தான். கடல்காற்று அடிக்கிற இடத்தில் நின்றவனுக்கு முதுகில் வேர்வை ஊற்றியது. தாடையை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டான். தூரத்திலிருந்தே அஞ்சுகத்துக்கு அது தெரிந்தது. சிங்காரவேலு கவிழ்ந்த அன்றைக்கும் அவர் அப்படித்தான் தாடையைக் கோணினார்.

“சிவா! வுடுடா கயித்த!”

அவன் திரும்பிப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தபோது கோபம். பக்கத்தில் மஞ்சள் காலோடு வந்தவளைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்துவிட்டது. எல்லாம் தெரிந்துவிட்டது என்று புரிந்துகொண்டான். ஆனாலும் கயிற்றை விடவில்லை.

“பொம்பளைங்க கயித்துகிட்ட வராதீங்க!” அம்பலவாணன் கையை ஆட்டினார். “அஞ்சுகம், ஒனக்குத் தெரியாதா? கல்யாணப் பொண்ண வேற இழுத்துக்கிட்டு வர்ற!”

“அவனுக்கு நெஞ்சுல அடைப்பு இருக்கு. கயிறு தொடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க.”

“அட போம்மா. சிங்காரவேலு புள்ளைக்கி நெஞ்சுல அடைப்பா? கால பாரு, பரம்பரைக் காய்ப்பு. இழுக்கறதுக்குன்னே பொறந்த காலு!” அம்பலவாணன் சிரித்தார். கூட நாலைந்து பேர் சிரித்தார்கள்.

ஜெயப்ரியா கயிற்றுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். எந்தப் பெண்ணும் அத்தனை கிட்டத்தில் நின்றதில்லை. பாவாடையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கி, மஞ்சள் ஈரம் காயாத காலைப் பின்பக்கமாகத் திருப்பிக் காட்டினாள்.

“பெரியப்பா, இதப் பாருங்க. எனக்கும் காய்ப்பு இருக்கு. நான் எந்தக் கயித்த இழுத்தேன்?”

அம்பலவாணன் குனிந்து பார்த்தார்.

“எங்கப்பா நாப்பது வருஷமா இழுக்கறாரு. அவரு கால பாருங்க. மொழு மொழுன்னு இருக்கு. இழுத்தவருக்கு இல்ல, இழுக்காத எனக்கு இருக்கு. இது காய்ப்பா? நீங்களே சொல்லுங்க.”

குரல் கொடுக்க ஆள் இல்லாமல் கயிறு நின்றது. தங்கப்பன் தன் குதிகாலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். இடப்பக்கத்தில் சிங்காரவேலுவின் பங்காளிகள் இரண்டு பேர், முப்பதைத் தாண்டாதவர்கள், ஒருவர் காலை ஒருவர் பார்த்தார்கள்.

“மச்சான்” என்றாள் ஜெயப்ரியா. “வுடுங்க.”

“வுட்டா...” சிவபாலனுக்கு மூச்சு வாங்கியது. “வுட்டா, பாதியில வுட்டவன்னு...”

“நீங்க பாதியில வுடப்போறது கயித்தயா, என்னையவா?”

அவன் கை கழன்றது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டான். அஞ்சுகம் எப்படி அந்தப் பத்தடியைக் கடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. சுருக்குப்பையைக் கிழித்து மாத்திரையை எடுத்து, “நாக்கத் தூக்குடா” என்று அதட்டி அடியில் வைத்தாள். தலையை மடியில் சாய்த்துக்கொண்டாள். கயிறு கடலுக்குள் ஓடப் பார்த்தது. தங்கப்பன் ஒரு எட்டு முன்னால் வைத்து முதல் ஆளாகப் பிடித்தார்.

“இழுங்கடா! வல போவுது! நான் புடிச்சிருக்கேன்!” என்று கத்தினார். அவர் கண்ணில் தண்ணீர் வழிந்தது. அதைத் துடைக்க அவருக்குக் கை இல்லை.

மாத்திரை கரைய மூன்று நான்கு நிமிஷம் ஆகியிருக்கும். அஞ்சுகத்துக்கு அது மூன்று வருஷம். ‘முப்பத்தொம்போதுகூட ஆவலியே, இன்னும் பதினோரு வருஷம் இருக்கே’ என்று யாரிடமோ பேரம் பேசுவதுபோல முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். மெல்ல மெல்லச் சிவபாலனின் தாடை நேரானது. கண்ணைத் திறந்தான்.

“சத்தியம் பண்ணியேம்மா” என்றான்.

“பண்ணேன். ஒடைச்சிட்டேன். கோவிச்சிக்க. ஆனா உசுரோட இருந்து கோவிச்சிக்க.”

ஜெயப்ரியா அவன் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள். அவன் கையை நீட்டி அவள் குதிகாலைத் தொட்டுப் பார்த்தான்.

“வலிக்குதா?”

“இல்ல. உங்களுக்கு வலிச்சிச்சா, இத்தன வருஷமா?”

அவன் இல்லை என்று தலையாட்டினான்.

“பாண்டி பஸ்ஸு காலைல அஞ்சரைக்கு இருக்கு. நாம ரெண்டு பேரும் போறோம். ரெண்டு டிக்கெட்டு. உங்களுக்கு ஆஞ்சியோ, எனக்கு ரத்தம்.”

“நாளைக்கு முகூர்த்தம் ப்ரியா.”

“உங்கள வேணாங்கல மச்சான். நாளைக்கு வேணாங்கறேன். டாக்டர் சொல்றத ரெண்டு பேரும் சேந்து கேட்டுட்டு வருவோம். நமக்குப் புள்ள பொறந்தா அது எப்படிப் பொறக்கும்னும் கேக்கணும். கேட்டதுக்கப்பறமும் நீங்க என்னைய கட்டிக்கறேன்னா, அப்ப பாக்கலாம்.”

“நாளைக்கு ஆயிரம் எல போடறோம்டி!” கயிற்றைப் பிடித்தபடியே தங்கப்பன் திரும்பினார். “குரும்பகரத்துலேருந்து அரிசி மூட்ட வந்து எறங்கியாச்சு. பந்தல்ல வந்து ஒக்கார்ற சனத்துக்கு நான் என்னாத்த சொல்ல? யாருக்காச்சும் பதில் தெரிஞ்சா சொல்லுங்க!”

அம்பலவாணன்கூடக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் குஞ்சம்மா வந்து சேர்ந்தாள். மூன்று தெரு நடக்க அவளுக்கு இவ்வளவு நேரம் ஆகியிருந்தது. வழியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கியிருக்கிறாள். மகளைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துப்போகப் போகிறாள் என்று எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். அஞ்சுகமும் அப்படித்தான் நினைத்தாள். திட்டு வாங்கிக்கொள்ளத் தயாராக நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

குஞ்சம்மா மகளைப் பார்க்கவில்லை. மருமகனாகப் போகிறவனையும் பார்க்கவில்லை. அஞ்சுகத்தின் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்து, புடவைக் கரையை இரண்டு விரற்கடை உயர்த்தினாள். அவள் குதிகாலில் இருந்தது மகளுடையதைவிடப் பெரிது.

“எனக்கும் பயமா இருக்கு அண்ணி” என்றாள். “மூணு டிக்கெட்டா எடுக்கச் சொல்லுங்க.”